முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயில் அகவையும் வளர்சிதைமாற்றக் காரணிகளும்

முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் என்பது ஆண்களின் இனப்பெருக்கத் தொகுதியைச் சேர்ந்த முன்னிற்குஞ்சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் ஆகும். இச்சுரப்பி புராஸ்டேட் சுரப்பி எனவும் சுக்கிலவகம் எனவும் அழைக்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி அவ்வாண்டில் ஏறத்தாழ 14.7 இலட்சம் ஆண்களிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 3.97 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். ஆண்களிடம் காணப்படும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தை இது பெறுகின்றது. இறப்புக்குக் காரணமாகும் புற்றுநோய்களின் வரிசையிலோ ஐந்தாம் இடத்தில் உள்ளது.

இந்நோய்க்கான ஐயத்துக்கிடமற்ற சூழ்இடர்க் காரணிகள் அகவை, குடும்ப வரலாறு, இன மரபு ஆகியனவாகும். இவற்றுள் எதையும் ஒருவர் மாற்றிக்கொள்ள இயலாது. உடற்பருமன், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், குருதிக் கொழுப்பு ஆகிய வளர்சிதைமாற்றக் காரணிகள் ஓரளவு மாற்றக்கூடியவை என்பதால், அவற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1990கள் முதல் விரிவாக ஆராயப்பட்டு வருகின்றது. ஆய்வு முடிவுகள் மேலோட்டமான பார்வைக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். "நோய் வருவதற்கான வாய்ப்பு", "நோயால் இறப்பதற்கான வாய்ப்பு" என்ற இரண்டையும் தனித்தனியே பார்த்தால் இம்முரண்களில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

சுரப்பியின் அமைப்பும் இயல்பும்

முன்னிற்குஞ்சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்து அமைந்துள்ளது. இளம் அகவையில் இது ஓர் அக்ரூட் கொட்டை அளவினதாகவும் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ளதாகவும் இருக்கும். விந்துப் பாய்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் பணியாகும். சுரப்பியின் பின்புறமாக, மலக்குடலை ஒட்டி அமைந்துள்ள புறவலயத்திலேயே பெரும்பாலான புற்றுநோய்கள் தோன்றுகின்றன. சிறுநீர் வழியைச் சுற்றியுள்ள இடைவலயம், முதுமையில் பலருக்கும் ஏற்படும் தீங்கிலாப் பெருக்கத்துக்கு இடமாகும். இவ்விரண்டும் வெவ்வேறு நிலைமைகள். தீங்கிலாப் பெருக்கம் முற்றிப் புற்றுநோயாக மாறுவதில்லை.

இச்சுரப்பியின் வளர்சிதைமாற்றம் உடலின் பிற திசுக்களில் இருந்து பெரிதும் வேறுபட்டது. ஏனைய உயிரணுக்கள் சிட்ரேட்டைச் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் எரித்து ஆற்றல் பெறுகின்றன. புறவலயத்தின் உயிரணுக்களோ துத்தநாகத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கின்றன. அத்துத்தநாகம் இழைமணியில் உள்ள அக்கோனிட்டேசு என்னும் நொதியத்தைத் தடுக்கின்றது. சுழற்சி அவ்விடத்திலேயே தடைபடுவதால் சிட்ரேட்டு எரிக்கப்படாமல் தேங்கி, விந்துப் பாய்மத்தில் சுரக்கப்படுகின்றது. சுருங்கச் சொன்னால், தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை இத்திசு வெளியே விட்டுவிடுகின்றது.

புற்றுநோயாக மாறும்போது உயிரணு துத்தநாகத்தைச் சேர்த்து வைக்கும் திறனை இழக்கின்றது. தடை நீங்குகின்றது, சிட்ரேட்டு மீண்டும் எரிக்கப்படுகின்றது. அமெரிக்காவைச் சேர்ந்த லெசுலி காசுட்டெல்லோ, ரென்ட்டி பிராங்கிளின் ஆகியோர் பல பத்தாண்டுகளாக இம்மாற்றத்தை ஆராய்ந்தனர். காந்த ஒத்ததிர்வு நிறமாலையியலில் சிட்ரேட்டு குறைந்து காணப்படும் இடம் புற்றுநோய் இருக்கும் இடமாகக் கருதப்படுவதன் அடிப்படை இதுவே.

இதற்கு நடைமுறை விளைவு ஒன்றும் உண்டு. 1920களில் ஆட்டோ வார்பர்க் விளக்கியவாறு, பல புற்றுநோய்கள் குளுக்கோசைப் பெருமளவில் உட்கொள்கின்றன. கதிரியக்கக் குளுக்கோசைச் செலுத்தி எடுக்கப்படும் பாசித்திரான் உமிழ்வுப் படங்கள் இப்பண்பையே பயன்படுத்துகின்றன. ஆனால் தொடக்க நிலையில் உள்ள முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் குளுக்கோசை மிகுதியாக நாடுவதில்லை. எனவே அப்படங்களில் அது பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிச் செல்லும் தடங்காட்டிகள் இக்குறையை நீக்கின. அவ்வகையைச் சேர்ந்த கேலியம்-68 தடங்காட்டி ஒன்றுக்கு 2020 திசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் ஒப்புதல் வழங்கியது. "சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்கும்" என்று பரவலாகக் கூறப்படும் கருத்து இப்புற்றுநோயின் தொடக்க நிலைக்குப் பொருந்தாது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

அகவை

முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் 40 அகவைக்கு முன் அரிதாகவே கண்டறியப்படுகின்றது. 50க்குப் பின் விரைவாகக் கூடுகின்றது. அமெரிக்காவில் நோய் கண்டறியப்படுவோரில் பத்தில் ஆறு பேர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட அகவையினர். அந்நாட்டில் எட்டு ஆண்களுள் ஒருவரிடம் வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படுகின்றது. ஆனால் இதனால் இறப்பவர் ஏறத்தாழ 44 பேரில் ஒருவரே.

புற்றுநோய்கள் பொதுவாக அகவையுடன் கூடுகின்றன. 1954 இல் பீட்டர் ஆர்மிட்டேச், ரிச்சர்டு டால் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள், பல புற்றுநோய்களின் இறப்பு வீதம் அகவையின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதாகக் காட்டினர். அகவை இருமடங்கானால் இறப்பு வீதம் 64 மடங்காகும் என்பது இதன் பொருள். முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயின் ஏற்றம் இதனினும் செங்குத்தானது.

பிணக்கூறாய்வுகள் காட்டியவை

கண்டறியப்படும் நோயாளிகளின் எண்ணிக்கை இந்நோயின் முழு அளவைக் காட்டுவதில்லை என்பது முதலில் பிணவறைகளிலேயே தெரியவந்தது. 1935 இல் அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்னால்டு ரிச், வேறு காரணங்களால் இறந்த 50 அகவைக்கு மேற்பட்ட ஆண்களின் முன்னிற்குஞ்சுரப்பிகளை ஆய்வு செய்து, ஏறத்தாழ 14 விழுக்காட்டினரிடம் வெளித்தெரியாத சிறு புற்றுநோய்கள் இருந்ததாக அறிவித்தார். அவர்களுள் பெரும்பாலோர் தமக்கு அவ்வாறான நோய் இருந்ததை அறியாமலேயே வாழ்ந்து இறந்தவர்கள்.

பிற்காலத்தில் சுரப்பி முழுவதையும் மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்தபோது இவ்வளவு இன்னும் உயர்ந்தது. 1990களில் திட்ராயிட்டு நகரில் நடந்த ஆய்வில், விபத்து முதலியவற்றால் இறந்த 30 முதல் 39 அகவையினரிடமே நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் நுண்ணிய புற்றுநோய்க் குவியங்கள் காணப்பட்டன. 2015 இல் 29 பிணக்கூறாய்வு ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஆய்வின்படி, 30 அகவைக்குக் குறைந்தோரில் 5 விழுக்காட்டினரிடமும், 79 அகவையைக் கடந்தோரில் 59 விழுக்காட்டினரிடமும் இப்புற்றுநோய் இருந்தது.

இவ்வெண்களின் பொருள் ஆழமானது. நோயின் விதை பலரிடம் இளமையிலேயே ஊன்றப்படுகின்றது. முதுமையில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது இருக்கின்றது. எனினும் மிகச் சிலரையே அது கொல்கின்றது. ஆகவே "யாருக்குப் புற்றுநோய் வரும்" என்பதைக் காட்டிலும், "உறங்கிக் கிடக்கும் புற்றுநோய் யாரிடம் விழித்தெழும்" என்பதே மருத்துவத்துக்கு முதன்மையான வினாவாக உள்ளது. வளர்சிதைமாற்றக் காரணிகள் பற்றிய சான்றுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டாம் வினாவைச் சார்ந்தவையே.

அகவையுடன் கூடுவதற்கான காரணங்கள்

உயிரணுக்கள் பிரியுந்தோறும் டி.என்.ஏ.வில் பிழைகள் சேர்கின்றன. நீடித்த அழற்சி இச்சுரப்பியில் பரவலாகக் காணப்படும் ஒன்று; அழற்சியால் சிதைந்து மீண்டும் பெருகும் திசுப்பகுதிகள் புற்றுநோய்க்கு முன்னோடியாக இருக்கலாம் என ஆஞ்செலோ தி மார்சோவும் சக ஆய்வாளர்களும் 1999 இல் முன்மொழிந்தனர். உயிரணுவை நச்சுப்பொருள்களில் இருந்து காக்கும் ஜி.எஸ்.டி.பி.1 என்ற மரபணு இப்புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் மெத்தைலேற்றத்தால் முடக்கப்பட்டிருக்கின்றது. 2005 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் ஆய்வுக்குழு, இருவேறு மரபணுக்கள் இணைந்துவிடும் பிறழ்வு ஒன்று இப்புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இருப்பதைக் கண்டறிந்தது. இவ்விணைவில் ஒரு மரபணு ஆண்ட்ரோஜன்களின் கட்டளைக்கு உட்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கு ஒரு புதிர் எழுகின்றது. ஆண்ட்ரோஜன்களும் இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியும் இப்புற்றுநோயைத் தூண்டுவன. இவ்விரண்டின் அளவும் அகவையுடன் குறைகின்றன, நோயோ கூடுகின்றது. தூண்டியின் அளவு மட்டுமன்றி, எத்தனை ஆண்டுகள் அத்தூண்டல் நீடித்தது என்பதும் கணக்கில் வருகின்றது என்றே இதனைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது.

வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி

இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நிலை, உயர் குருதி அழுத்தம், மாறுபட்ட குருதிக் கொழுப்பு ஆகியவை ஒரே மனிதரிடம் கூடி வருவதை அமெரிக்க மருத்துவர் செரால்டு ரீவன் 1988 இல் ஒரு தொகுப்பாக விளக்கினார். இதுவே பின்னர் வளர்சிதைமாற்றக் கூட்டறிகுறி என்று பெயர் பெற்றது. இடுப்புச் சுற்றளவு மிகுதல், டிரைகிளிசரைடு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருத்தல், ஆண்களில் உயரடர்த்திக் கொழுப்புப்புரதம் 40 மில்லிகிராமுக்குக் குறைதல், குருதி அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல் இருத்தல், உணவுக்கு முந்தைய குளுக்கோசு 100 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருத்தல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் ஒருவருக்கு இந்நிலை உள்ளதாகக் கொள்ளப்படுகின்றது. (இங்குள்ள மில்லிகிராம் அளவுகள் ஒரு டெசிலிட்டர் குருதிக்கானவை.) அமெரிக்க வரையறையில் ஆண்களின் இடுப்புச் சுற்றளவுக்கான எல்லை 102 செ.மீ.; தெற்காசிய ஆண்களுக்கு இது 90 செ.மீ. எனக் குறைத்து வகுக்கப்பட்டுள்ளது. குறைந்த உடல் எடையிலேயே வயிற்றுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு தெற்காசியரிடம் உள்ளமை இதற்குக் காரணமாகும்.

இக்கூட்டறிகுறியை ஒரே பொருளாகக் கொண்டு முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் தெளிவான விடை தரவில்லை. ஐந்து கூறுகளும் ஒரே திசையில் இயங்காததே இதற்குக் காரணம். நார்வே, சுவீடன், ஆத்திரியா ஆகிய நாடுகளின் 2,89,866 ஆண்களைச் சராசரியாக 12 ஆண்டுகள் தொடர்ந்து, 2012 இல் வெளியான ஆய்வு இதனை நன்கு காட்டுகின்றது. அதில் 6,673 பேருக்கு நோய் கண்டறியப்பட்டது. 961 பேர் நோயால் இறந்தனர். குளுக்கோசும் டிரைகிளிசரைடும் மிகுந்தவர்களிடம் நோய் கண்டறியப்படுவது சற்றுக் குறைவாக இருந்தது. உடல் நிறை குறியீட்டெண்ணும் குருதி அழுத்தமும் மிகுந்தவர்களிடம் நோயால் இறப்பது கூடுதலாக இருந்தது. இரண்டு முடிவுகளும் ஒரே ஆய்வில், அதே ஆண்களிடம் இருந்து பெறப்பட்டவை.

உடற்பருமன்

அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் 1982 இல் தொடங்கிய பேராய்வு ஒன்றில் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் 16 ஆண்டுகள் தொடரப்பட்டனர். 2003 இல் வெளியான அதன் முடிவுகளின்படி, இயல்பான எடையுடைய ஆண்களோடு ஒப்பிடுகையில், உடல் நிறை குறியீட்டெண் 30க்கும் 34.9க்கும் இடைப்பட்டவர்கள் முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 20 விழுக்காடும், 35க்கும் 39.9க்கும் இடைப்பட்டவர்களுக்கு அது 34 விழுக்காடும் கூடுதலாக இருந்தன.

மறுபுறம், உடற்பருமன் உடையவர்களிடம் தீவிரம் குறைந்த புற்றுநோய்கள் குறைவாகவே கண்டறியப்பட்டன. பினாசுட்டெரைடு மருந்தைச் சோதிக்க நடந்த அமெரிக்கத் தடுப்பு ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2006 இல் வெளியான பகுப்பாய்வில், உடற்பருமன் உடையோருக்குத் தீவிரம் குறைந்த புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு குறைவாகவும், தீவிரம் மிகுந்த புற்றுநோய் வாய்ப்பு 29 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தன. இவ்வாய்வில் பி.எஸ்.ஏ. அளவு எதுவாயினும் முடிவில் அனைவருக்கும் திசு ஆய்வு செய்யத் திட்டமிடப்பட்டிருந்ததால் இம்முடிவு கூடுதல் மதிப்புடையது.

இதில் பி.எஸ்.ஏ. பற்றிய செய்தி ஏன் வருகின்றது என்பதை விளக்க வேண்டும். பி.எஸ்.ஏ. என்பது இச்சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். குருதியில் அதன் செறிவு உயர்ந்தால் புற்றுநோய் ஐயம் எழுகின்றது. திசு ஆய்வு செய்யப்படுகின்றது. பருத்த உடலில் குருதியின் அளவு கூடுதலாக இருக்கும். சுரப்பி அதே அளவு புரதத்தை வெளியிட்டாலும் கூடுதலான குருதியில் அது கரைந்து செறிவு குறைந்து காணப்படும். 2007 இல் வெளியான ஓர் ஆய்வு, உடற்பருமன் உடையோரில் பி.எஸ்.ஏ. செறிவு குறைவாக இருப்பினும் குருதியில் உள்ள மொத்தப் பி.எஸ்.ஏ. குறையவில்லை எனக் காட்டியது. அதாவது அளவீடு தவறவில்லை. அளக்கப்படும் பொருளே நீர்த்துப்போயுள்ளது. பருத்த உடலில் சுரப்பியும் பெரிதாக இருப்பதால் திசு ஆய்வு ஊசி புற்றுநோய்ப் பகுதியைத் தவறவிடும் வாய்ப்பும் கூடுகின்றது. இவற்றால் சிறிய, தீவிரம் குறைந்த கட்டிகள் கண்ணுக்குத் தப்புகின்றன. தீவிரமானவை காலந்தாழ்ந்து வெளிப்படுகின்றன. உடற்பருமன் "காக்கின்றது" என்று தோன்றும் பகுதியில் கணிசமான பங்கு இவ்வகையானதே.

சான்றுகளின் வலிமை பற்றி நிறுவனங்களிடையே முழு உடன்பாடு இல்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014 இல், உடற்கொழுப்பு முற்றிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகலாம் எனக் கூறியது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2016 ஆம் ஆண்டு வல்லுநர் குழு 13 வகைப் புற்றுநோய்களுக்கு உடற்கொழுப்புக் காரணம் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று முடிவு செய்தது. அப்பட்டியலில் முன்னிற்குஞ்சுரப்பி இடம்பெறவில்லை. உயிர்கொல்லும் வகை மட்டும் வரையறுக்கப்பட்ட சான்றுடையதாகக் குறிக்கப்பட்டது.

நீரிழிவு

இரண்டாம் வகை நீரிழிவு கல்லீரல், கணையம், பெருங்குடல் முதலிய பல உறுப்புகளின் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகின்றது. முன்னிற்குஞ்சுரப்பியில் இதற்கு மாறான நிலை காணப்படுகின்றது. 2006 இல் 19 ஆய்வுகளைத் தொகுத்த கணக்கீட்டின்படி, நீரிழிவு உள்ளவர்களிடம் இந்நோய் கண்டறியப்படும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவாக இருந்தது. பிற்காலத் தொகுப்பாய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டின.

இது அளவீட்டுப் பிழை மட்டுமன்று என்பதற்கு மரபியலில் இருந்து ஒரு சான்று கிடைத்தது. 2007 இல் ஐசுலாந்தின் டிகோட் நிறுவன ஆய்வாளர்கள், 17 ஆம் நிறப்புரியில் எச்.என்.எப்.1பி என்ற மரபணுவில் உள்ள ஒரு மாறுபாடு முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுவதாகவும், அதே மாறுபாடு இரண்டாம் வகை நீரிழிவு வாய்ப்பைக் குறைப்பதாகவும் கண்டனர். ஒரே எழுத்து மாற்றம் இரு நோய்களையும் எதிரெதிர்த் திசையில் நகர்த்துகின்றது.

இதற்கான விளக்கங்களுள் முதன்மையானது இயக்குநீர்களைப் பற்றியது. நீரிழிவு தொடங்கும் காலத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல கணையம் களைத்து இன்சுலின் குறையும். நீரிழிவு கண்டறியப்பட்ட முதல் சில ஆண்டுகளில் புற்றுநோய் வாய்ப்புக் குறைவதில்லை, பல ஆண்டுகளுக்குப் பின்னரே குறைகின்றது என்று சில தொடராய்வுகள் காட்டுவது இதனோடு பொருந்துகின்றது. நீரிழிவு உள்ள ஆண்களிடம் தெசுத்தோசுத்திரோன் குறைவாக இருப்பதும், அவர்களின் பி.எஸ்.ஏ. அளவு குறைந்து காணப்படுவதும் பிற காரணங்களாகும்.

இச்செய்தி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. நீரிழிவு உள்ளவருக்கு இப்புற்றுநோய் வந்துவிட்டால் அவர் நிலை பிறரைவிட மோசமாகவே இருக்கின்றது. புற்றுநோய் வந்தபின் இறப்பு வாய்ப்பு நீரிழிவு உள்ளவர்களிடம் கூடுதல் எனத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. சிறுநீர்த் தொல்லைகளை "சர்க்கரை நோயால் வருவது" என்று ஒதுக்கிவிடுவதற்கு மேற்கண்ட 16 விழுக்காடு ஒரு காரணமாகாது.

இன்சுலினும் வளர்ச்சிக் காரணியும்

இன்சுலின் குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு உயிரணுக்களுக்கு "வளர்க" என்ற குறிப்பையும் தருகின்றது. அக்குறிப்பைக் கடத்தும் வழியைத் தடுத்து நிறுத்தும் புரதங்களுள் ஒன்று பி.டி.இ.என். முற்றிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய்களில் இப்புரதத்தின் மரபணு பல வேளைகளில் இழக்கப்பட்டிருக்கும். அந்நிலையில் அவ்வழி இன்சுலின் இல்லாமலே திறந்து கிடக்கின்றது.

குருதியில் உள்ள சி-பெப்டைடு என்ற மூலக்கூறு கணையம் எவ்வளவு இன்சுலினைச் சுரக்கின்றது என்பதைக் காட்டும். அமெரிக்க மருத்துவர்கள் பங்கேற்ற நெடுங்கால ஆய்வு ஒன்றில் முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் வந்த 2,546 பேரை ஜிங் மாவும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2008 இல் முடிவுகளை வெளியிட்டனர். நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மிகை எடையும் மிகுந்த சி-பெப்டைடும் ஒருசேரக் கொண்டிருந்தவர்கள், இரண்டும் இல்லாதவர்களைவிட அந்நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது.

இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி-1 பற்றிய வரலாறு சற்று அடக்கத்தைக் கற்பிக்கக்கூடியது. 1998 இல் 152 நோயாளிகளைக் கொண்டு வெளியான ஆய்வு, இதன் அளவு மிகுந்த கால்பங்கினருக்கு நோய் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்றது. பெரும் எதிர்பார்ப்பும் எழுந்தது. 2008 இல் 12 ஆய்வுகளின் தரவுகள் ஒன்றிணைக்கப்பட்டபோது தொடர்பு உறுதியானது, ஆனால் கூடுதல் வாய்ப்பு 38 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியது. எக்குவடோர் நாட்டில் இவ்வளர்ச்சிக் காரணி பிறவியிலேயே மிகக் குறைவாக உள்ள, லாரன் கூட்டறிகுறி எனப்படும் குட்டையுருவ நிலை கொண்ட 99 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், ஒரே ஒருவருக்கே புற்றுநோய் வந்தது. அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. 2011 இல் இதனை வெளியிட்டவர்கள் ஐமே குவேவாரா-அகீரே, வால்ட்டர் லோங்கோ ஆகியோர்.

ஆண்ட்ரோஜன்கள்

1941 இல் சார்லசு அகின்சும் கிளாரன்சு ஆட்சசும் விரை நீக்கத்தால் பரவிய முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் சுருங்குவதைக் காட்டினர். அகின்சு 1966 இல் நோபல் பரிசு பெற்றார். இதனால் தெசுத்தோசுத்திரோன் மிகுந்தவர்க்கு நோய் வாய்ப்பு மிகும் எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. 2008 இல் 18 தொடராய்வுகளின் 3,886 நோயாளிகளையும் 6,438 ஒப்பீட்டாளர்களையும் கொண்ட கூட்டாய்வில் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. குறைந்த அளவு தெசுத்தோசுத்திரோனே சுரப்பியின் ஏற்பிகளை நிறைத்துவிடுகின்றது, அதற்குமேல் கூடுவதால் விளைவு கூடாது என்ற விளக்கத்தை ஆபிரகாம் மார்கன்தாலர் முன்வைத்தார்.

சிகிச்சையின் வளர்சிதைமாற்ற விளைவுகள்

வளர்சிதைமாற்றத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவு ஒருவழிப்பட்டதன்று. பரவிய நோய்க்கு அளிக்கப்படும் ஆண்ட்ரோஜன் நீக்கச் சிகிச்சை தசையைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகின்றது. இன்சுலினுக்கு உடல் பணியும் இயல்பும் குறைகின்றது. நான்சி கீட்டிங்கும் சக ஆய்வாளர்களும் 73,196 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டதன்படி, இவ்வகை ஊசிமருந்து பெற்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 44 விழுக்காடும், இதயத் தமனி நோய் வாய்ப்பு 16 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. இந்நோயாளிகளில் பெரும்பாலோர் எழுபதை ஒட்டிய அகவையினர், முன்னரே இதய நோய்க்கு அண்மையில் இருப்பவர்கள். கட்டி சிறியதாகவும் பரவாமலும் இருக்கும்போது இச்சிகிச்சையைத் தேவையின்றித் தொடங்குவது புற்றுநோயைவிடப் பெரிய தீங்கை வருவிக்கக்கூடும்.

நீரிழிவு மருந்தான மெட்பார்மின் இவ்விடத்தில் உதவுமா எனப் பிரித்தானியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் 1,874 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. நீரிழிவு இல்லாத, பரவிய புற்றுநோய் உள்ளவர்களே இதில் பங்கேற்றனர். 2024 இல் அறிவிக்கப்பட்ட முடிவின்படி, சிகிச்சையால் வரும் எடை, சர்க்கரை, கொழுப்பு உயர்வுகளை மருந்து தணித்தது. ஆனால் ஆயுளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டிக்கவில்லை.

தடுப்பு முயற்சிகள்

மாத்திரைகளால் இந்நோயைத் தடுக்கும் முயற்சிகள் பெரும்பாலும் ஏமாற்றமளித்துள்ளன. 35,533 ஆண்கள் பங்கேற்ற செலினியம், உயிர்ச்சத்து ஈ ஆய்வு இவற்றுள் பெரியது. 2011 இல் வெளியான அதன் முடிவு, உயிர்ச்சத்து ஈ உட்கொண்டோரிடம் நோய் 17 விழுக்காடு கூடியதைக் காட்டியது. பினாசுட்டெரைடு, 18,882 ஆண்கள் சேர்க்கப்பட்ட ஆய்வில் நோயை ஏறத்தாழ கால்பங்கு குறைத்தது; எனினும் தீவிரமான கட்டிகள் அம்மருந்தை உட்கொண்டவர்களிடம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாலும், நெடுங்கால இறப்பு எண்ணிக்கையில் வேறுபாடு தோன்றாததாலும் தடுப்பு மருந்தாக அது பரவவில்லை. தீவிரம் குறைந்த புற்றுநோய் உள்ளவர்களைக் காய்கறி மிகுதியாக உண்ணச் செய்த ஆய்வு ஒன்றிலும் நோய் முற்றும் வேகம் மாறவில்லை (2020).

எடை குறைத்தலும் உடற்பயிற்சியும் இப்புற்றுநோயைத் தடுக்கும் என்று நேரடியாக நிறுவிய சோதனை ஏதும் இல்லை. ஆயினும் தொடக்க நிலை நோயுள்ள முதியவர் ஒருவர் அந்நோயால் இறப்பதைவிட இதய நோயால் இறப்பதே கூடுதலாக நிகழ்கின்றது என்பதால், மருத்துவர்கள் அவற்றை எவ்வாறாயினும் பரிந்துரைக்கின்றனர்.

அகவையும் நோய் கண்டறிதலும்

பி.எஸ்.ஏ. சோதனையைப் பொதுவாக அனைவருக்கும் செய்யலாமா என்பது நெடுநாள் விவாதம். 55 முதல் 69 அகவையுடைய ஆண்களை மையமாகக் கொண்ட ஐரோப்பியப் பெருஞ்சோதனையின் 23 ஆண்டு முடிவுகள் 2025 இல் வெளியாயின. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் இந்நோயால் ஏற்படும் இறப்பு 13 விழுக்காடு குறைந்திருந்தது. அதாவது 456 பேரை அழைத்தால் ஓர் இறப்பு தடுக்கப்படுகின்றது. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2018 ஆம் ஆண்டுப் பரிந்துரையில், 55 முதல் 69 அகவையினர் மருத்துவருடன் கலந்து தாமே முடிவெடுக்கலாம் என்றும், 70ம் அதற்கு மேற்பட்ட அகவையினருக்கு இச்சோதனை வேண்டா என்றும் கூறியது. பிணக்கூறாய்வுகள் காட்டிய 59 விழுக்காடே இதன் பின்புலம்: எண்பதை நெருங்குவோரிடம் தேடினால் பாதிப்பேரிடம் புற்றுநோய் கிடைக்கும், அவற்றில் பெரும்பாலானவை அவர்களை ஒருபோதும் துன்புறுத்தாதவை.

கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் அனைத்துக்கும் உடனே சிகிச்சை தேவையில்லை என்பதைப் பிரித்தானியாவின் புரோடெக்ட் சோதனை காட்டியது. சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 ஆண்கள் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டனர். 15 ஆண்டுகளுக்குப் பின், 2023 இல் வெளியான முடிவின்படி மூன்று பிரிவுகளிலும் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் இந்நோயால் இறக்கவில்லை. நோய் பரவுவது கண்காணிப்புப் பிரிவில் கூடுதலாக இருந்தது. அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களிடம் சிறுநீர்க் கசிவு, ஆண்மைக் குறைவு, குடல் தொல்லை ஆகியன கூடுதலாக இருந்தன.